செஸ்டர் – ஹெஸ்டர் கடையை இடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வால்ட் டிஸ்னி இமாஜினியரிங் (டிஸ்னி தீம் பார்க்குகளை உருவாக்கும் பிரிவு) வடிவமைப்பாளர்கள்

வணக்கம்.

புளோரிடாவில் உங்கள் அனிமல் கிங்டம் பூங்காவுக்குள் டைனோலேண்ட் யு.எஸ்.ஏ. என்றொரு பகுதி இருந்தது. அதில் டைனோ-ராமா என்ற மூலையை 2025 ஜனவரியில் மூடினீர்கள். 2026 பிப்ரவரித் தொடக்கத்தில் டைனோலேண்டில் மிச்சமிருந்த பெரிய ரைடும் நின்றது. அந்த இடத்தில் டிராப்பிகல் அமெரிக்காஸ் என்ற புதுப் பகுதி 2027ல் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மூடியதற்குச் சண்டை போட நான் வரவில்லை. டைனோ-ராமா போக வேண்டியதுதான். ஆனால் அது ஏன் தோற்றது என்று பலரும் சொல்லும் காரணம் தப்பு. "மட்டமான ரசனை, சாலையோரக் கூத்து, டிஸ்னிக்கு ஒத்துவராத சமாச்சாரம்" என்கிறார்கள். அதையே நீங்களும் பாடமாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் இந்த மடல். கடைசியில் ஒரு கோரிக்கையும் உண்டு.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அவர் பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லட்டும். அந்த இடத்தைப் பார்த்திராத தமிழ் வாசகர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிய கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்ஸ் கவுண்டி என்று ஒரு கற்பனை ஊர். 1947ல் அங்கே டைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் வந்து ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள். பக்கத்தில் இருந்த மீன்பிடி விடுதியை வாங்கி மாணவர்கள் தங்கவும் சாப்பிடவும் விடுகிறார்கள். அதே சாலையில் செஸ்டர், ஹெஸ்டர் என்று ஒரு வயதான தம்பதி பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். எலும்பு பார்க்கக் கூட்டம் வருவதைப் பார்த்ததும் பங்கில் டைனோசர் பொம்மை விற்கத் தொடங்குகிறார்கள். வியாபாரம் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பார்க்கிங் இடத்தையே பொழுதுபோக்கு மைதானமாக மாற்றிவிடுகிறார்கள். ஒரு பக்கம் அறிவியல், ஒரு பக்கம் கல்லாப்பெட்டி, நடுவில் ஒரு ஹைவே. தீம் பார்க்குக்கு எழுதப்பட்ட கதைகளில் இவ்வளவு அமெரிக்காவைச் சின்ன இடத்தில் அடக்கியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கதையின் வேர் நிஜம் என்பது உங்களுக்குத் தெரியும். சவுத் டகோட்டாவின் ரேப்பிட் சிட்டியில் 1936ல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் ஒரு குன்றின் உச்சியில் கான்கிரீட் டைனோசர்களைக் கட்டினார்கள். அதில் பிராண்டோசாரஸ் மட்டும் 80 அடி நீளம். சின்கிளேர் எண்ணெய் நிறுவனம் 1930 முதல் பிராண்டோசாரஸைத் தன் சின்னமாக வைத்திருக்கிறது; அந்தப் பச்சை டைனோசர் நிற்கும் பங்குகளை இன்றும் பார்க்கலாம். புளோரிடாவிலேயே ஸ்பிரிங் ஹில் என்ற ஊரில், 1964ல் சின்கிளேர் பங்காகக் கட்டிய ஒரு கட்டடம் இருக்கிறது. கட்டடமே டைனோசர். வயிற்றுக்குள் கார் பழுதுபார்ப்பார்கள். அதே ஊரில் அதே நெடுஞ்சாலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் இன்னொரு டைனோசர் தனியாக நிற்கிறது. உங்கள் பூங்கா வாசலிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கும் பக்கத்தில், ஐ-4 சாலையோரம் பிளான்ட் சிட்டியில் டைனோசர் வேர்ல்டு இருக்கிறது. அது திறந்ததும் 1998, உங்கள் அனிமல் கிங்டம் திறந்ததும் 1998. நீங்கள் நகல் எடுத்துக்கொண்டிருந்த அதே வருடம் ஒருவர் அசலையே கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1964ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சின்கிளேர் நிஜ அளவில் ஒன்பது டைனோசர்களை நிறுத்தியது. ஃபைபர்கிளாஸில் செய்து ஹட்சன் ஆற்றில் படகில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அரங்கின் பெயர் டைனோலேண்ட். அதே கண்காட்சியில், ஃபோர்டு அரங்குக்காக உங்கள் முன்னோர்களும் அசையும் டைனோசர்களைச் செய்திருந்தார்கள். பார்வையாளர்கள் ஃபோர்டு கார்களில் உட்கார்ந்தபடியே அவற்றைக் கடந்துபோனார்கள். கண்காட்சி முடிந்ததும் உங்களுடையவை கலிபோர்னியாவுக்குப் போய் 1966 முதல் டிஸ்னிலேண்ட் ரயில் பாதையில் நிற்கின்றன. சின்கிளேர் டைனோசர்கள் ஊர் ஊராகச் சிதறின. டைனோலேண்ட் என்று பெயர் வைத்தபோது இதெல்லாம் உங்கள் மனதில் இருந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. இமாஜினியரிங்கில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி விஷயம் தெரியாமல் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டைனோலேண்டில் இரண்டு வேலைகள் இருந்தன. 1998ல் பூங்காவோடு சேர்ந்து வந்தது ஒன்று. 2001 கடைசியிலும் 2002லும் சேர்த்தது இன்னொன்று. எல்லோரும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மட்டம்" என்று முத்திரை குத்துகிறார்கள். முதலாவது கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான வேலை. இரண்டாவது சப்பைக்கட்டு.

முதலாவதில் உணவகத்தின் பெயர்ப்பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியில் அது விடுதியின் பலகை. "ரெஸ்டாரன்ட்" என்று ஒழுங்காக எழுதியிருக்கும். அதன் வாலில், வேறு கையால், யாரோ ஏணி போட்டு ஏறி எழுதியதுபோல் "ஓசாரஸ்" என்று ஒட்டியிருக்கும். ரெஸ்டாரன்டோசாரஸ். எழுதியவர்கள் ஆராய்ச்சி மாணவர்கள் என்பதும், மேலதிகாரிகள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்பதும் அந்த ஒரு பலகையிலேயே இருந்தது. எந்தக் கதைசொல்லியும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனால் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு காலத்தில் சேர்த்த மாதிரி இருக்கும். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் ஏர்ஸ்ட்ரீம் வீட்டுவண்டி ஒன்றையே கட்டடத்தோடு ஒட்டவைத்திருந்தீர்கள். எதிரே ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருந்த ரைடில், வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேல் சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் குழாய்கள் ஓடும். அவற்றில் ரசாயன வாய்ப்பாடு எழுதியிருக்கும். நெருங்கிப் பார்த்தால் கெட்சப், கடுகு சாஸ், மயோனைஸ். அந்தப் பகுதிக்குப் பணம் கொடுத்தது மெக்டொனால்ட்ஸ்! விளம்பரதாரரைக் கூடக் கதைக்குள் இழுத்துக் கிண்டல் செய்யும் தைரியம் அப்போது இருந்தது.

செஸ்டர் – ஹெஸ்டர் கடையும் அந்த ஜாதிதான். பங்க் கட்டடம் பங்காகவே தெரியும். அதன் மேல் வியாபாரம் ஏறி உட்கார்ந்திருக்கும். கூரையிலிருந்து பொம்மைகள், சுவரெல்லாம் பொம்மைகள், கண் வைக்க இடமில்லாமல் டைனோசர். அந்த நெரிசலுக்கு எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்து திட்டம் போட்டிருப்பார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். தெரியாத்தனமாகச் சேர்ந்த குப்பைபோல் ஒரு இடத்தை வேண்டுமென்றே அமைப்பது எவ்வளவு கடினம் என்பது செட் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஹைவேயைத் தாண்டி டைனோ-ராமாவுக்கு வாருங்கள். தார்த்தரை. அதில் வண்டி நிறுத்தும் கோடுகள் இன்னும் அழியாமல். முன்னால் கான்கிரீட்டில் செய்ததுபோல் ஒரு பெரிய டைனோசர், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அதைத் தாண்டினால் பதினாறு டிரைசெராடாப்ஸ் பறந்து சுற்றும் ஒரு குழந்தைகள் ராட்டினம். உங்கள் டம்போ ராட்டினத்தைத் தெரிந்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடையாது. பக்கத்தில் பிரைமீவல் வர்ல் என்ற சுழலும் ரோலர் கோஸ்டர். பிரான்சின் ரெவர்ஷோன் நிறுவனத்தின் தயாரிப்பு. அதே வகை ரைடு வேறு பூங்காக்களிலும் வேறு பெயரில் ஓடியது. நீங்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல் நிறுத்தி, சுற்றிலும் தட்டையான டைனோசர் கட்-அவுட்களை நட்டீர்கள். அப்புறம் பந்தெறிந்து பொம்மை ஜெயிக்கும் விளையாட்டுக் கடைகள், நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனிக்காசு வாங்கிக்கொண்டு. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு மொத்தக் காட்சியும் உடனே பிடிபட்டிருக்கும். ஒரே வித்தியாசம், பொருட்காட்சியில் யாரும் அதற்கு முன்கதை எழுதி வைத்திருப்பதில்லை.

தோல்வி இங்கேதான். சாலையோர டைனோசர் வேறு, ஊர் ஊராகப் போகும் கார்னிவல் வேறு. நீங்கள் இரண்டையும் குழப்பிவிட்டீர்கள். கார்னிவல்காரர் ராட்டினத்தை விலைக்கு வாங்குவார், லாரியில் ஏற்றுவார், அடுத்த ஊரில் இறக்குவார். அவருக்கு ஊரும் இல்லை, எலும்பும் இல்லை. சாலையோரக்காரர் அப்படி இல்லை. அவருக்கு இருப்பது ஒரு துண்டு நிலம், ஒரு கடை, வேகமாகப் போகும் கார்களை எப்படி நிறுத்துவது என்ற கவலை. வாங்கக் காசு கிடையாது, அதனால் கையால் செய்வார். கலிபோர்னியாவின் கபஸானில் கிளாட் பெல் என்பவர் தன் உணவகத்துக்கு ஆள் வரவேண்டும் என்று 1964ல் ஒரு டைனோசர் கட்டத் தொடங்கினார். 150 அடி நீளம். முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அது முடிந்த பிறகும் ஆசை அடங்காமல் பக்கத்தில் ஒரு டைரனோசாரஸ் கட்டினார். சின்ன வயதில் நியூஜெர்சிக் கடற்கரையில் பார்த்த யானை வடிவக் கட்டடம்தான் அவருக்கு அந்த ஆசையை விதைத்தது. அந்த மனிதர் யாரையும் நக்கல் செய்யவில்லை. ரசனை கெட்டவராக நடிக்கவும் இல்லை. டைனோசர் பெரியது, அழகானது என்று முழுமனதாக நம்பினார், அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கைதான் இந்த வகைக் கட்டுமானத்தின் உயிர். செஸ்டருக்கும் ஹெஸ்டருக்கும் அது இருந்தது, கடைக்குள் இருந்தவரை. கடையை விட்டு மைதானத்துக்கு வந்ததும் அவர்களைக் கோமாளிகளாக்கிவிட்டீர்கள். இதெல்லாம் மட்டமாக இருக்கிறதே என்று பார்வையாளர் முகம் சுளித்தால், "அது அந்தக் கிழங்களின் ரசனை, எங்களுடையது இல்லை" என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி. கதைக்காகச் செலவு குறைந்த மாதிரி ஒரு தோற்றம். உண்மையில் செலவைக் குறைத்ததற்குத்தான் கதை துணைக்கு வந்தது. பூங்காவில் ரைடு போதவில்லை, அரை நாளில் பார்த்துவிடலாம் என்ற குறை அப்போது பரவலாக இருந்தது. ஆரம்பத்தில் டைனோலேண்டுக்குத் திட்டமிட்டிருந்த எக்ஸ்கவேட்டர் ரோலர் கோஸ்டரும் கைவிடப்பட்டிருந்தது. சின்னக் குழந்தைகளுக்கும் ஏதாவது வேண்டும், சீக்கிரம் வேண்டும், மலிவாக வேண்டும். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதை மறைக்க ஒரு தம்பதியைப் பலிகொடுத்ததுதான் பிடிக்கவில்லை.

இதே சமயத்தில் கலிபோர்னியாவிலும் இதையே செய்தீர்கள். 2001ல் திறந்த கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில் பாரடைஸ் பியர் (பியர் என்றால் கடலுக்குள் நீளும் மேடைப்பாலம்) என்று ஒரு கடற்கரைக் கார்னிவல். அங்கேயும் கடையில் கிடைக்கும் ரைடுகள், அங்கேயும் "பழைய கடற்கரை இப்படித்தான் இருந்தது" என்ற விளக்கம். 2007ல் அந்தப் பூங்காவைச் சீரமைக்க 110 கோடி டாலர் ஒதுக்கினீர்கள். பியர் இப்போது பிக்சார் பியர். ஊர் ஊராகச் சுற்றும் அழுக்கு மைதானங்களின் மேல் இருந்த வெறுப்பில்தான் வால்ட் டிஸ்னி 1955ல் டிஸ்னிலேண்டைத் திறந்தார் என்பதை உங்கள் நிறுவனம்தான் எங்களுக்குச் சலிக்காமல் சொல்லி வந்திருக்கிறது. அவர் காலமாகி முப்பத்தைந்து வருடம் கழித்து நாட்டின் இரண்டு கரைகளிலும் அந்த மைதானத்தையே கட்டினீர்கள்.

இங்கே ஒரு இந்தியனாக எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. டைனோலேண்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஆனந்தபூர் வரும். இந்தியா, நேபாளம், தாய்லாந்து எல்லாவற்றையும் கலந்து நீங்கள் கட்டிய கற்பனை நாடு. அங்கே சுவர் காரை பெயர்ந்திருக்கும், சுவரொட்டி கிழிந்து தொங்கும், மின்கம்பி சிக்கலாக ஓடும். ஆப்பிரிக்கப் பகுதியான ஹராம்பேயிலும் தரை விரிசல் விட்டிருக்கும். பார்வையாளர்கள் நின்று படம் எடுத்து, "என்ன நுணுக்கம், என்ன நம்பகத்தன்மை" என்று வியப்பார்கள். வியக்க வேண்டிய வேலைதான், நானும் வியந்தேன். ஆனால் அதே விரிசல் ஒரு அமெரிக்கப் பெட்ரோல் பங்கின் தார்த்தரையில் வந்தால் மட்டும் "மலிவு" என்கிறார்கள். அடுத்தவர் ஊர் அழுக்கு அழகாகத் தெரிகிறது, சொந்த ஊர் அழுக்கு கூச்சமாக இருக்கிறது. டைனோ-ராமாவை வடிவமைத்தவர்கள் இந்தக் கூச்சத்தைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஆனந்தபூரில் விரிசலுக்கு மேல் மரநிழல் இருந்தது, தூரத்தில் எவரெஸ்ட் தெரிந்தது, புலி உலாவியது. டைனோ-ராமாவில் விரிசலுக்கு மேல் வெயில்தான். புளோரிடாவின் ஜூலை மாதத்தில் திறந்த தார்த்தரை. நகைச்சுவை ரொம்பத் துல்லியமாக இருந்தது, அதை ரசிக்க அங்கே யாரும் நிற்கவில்லை.

ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் "சாலையோர ரசனை விற்காது" என்பது இல்லை. விற்கும். ஸ்பிரிங் ஹில் டைனோசர் அறுபது வருடத்தைத் தாண்டி நிற்கிறது. பிளான்ட் சிட்டியில் ஆள் போகிறார்கள். 1956 சட்டத்தின் கீழ் போட்ட புது ஹைவேக்கள் பழைய சாலைகளின் கூட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் தாக்குப்பிடித்த சாலையோரப் பைத்தியக்காரத்தனங்கள் இந்த நாட்டில் எத்தனையோ. அவை மூன்று காரணத்தால் நிற்கின்றன: அளவு மீறிய பெரிது, கையால் செய்தது, அந்த இடத்தை விட்டு நகர முடியாதது. டைனோ-ராமாவில் முன்னால் நின்ற அந்த ஒற்றை டைனோசரைத் தவிர வேறெதற்கும் இந்த மூன்றும் இல்லை. ரைடுகளைக் கழற்றி வேறு பூங்காவில் மாட்டியிருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

டிராப்பிகல் அமெரிக்காஸில் புவெப்லோ எஸ்பெரான்சா என்று ஒரு கிராமம் வருகிறது என்கிறீர்கள். அங்கேயும் சின்னச் சின்னக் கடைக்காரர்களும் கைத்தொழிலாளிகளும் கதையில் இருப்பார்கள், ஒரு ராட்டினமும் வரப்போகிறது. அந்தக் கிராமத்துக்காரர் ராட்டினத்தை எங்கிருந்து பெற்றார், எந்த விலங்கை முதலில் செதுக்கினார், காசு தீர்ந்து எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது மரத்திலேயே தெரியட்டும். பலகை வைத்து விளக்காதீர்கள். ரெஸ்டாரன்டோசாரஸ் பலகை செய்த ஆள் இன்னும் உங்களிடம் வேலையில் இருந்தால் அவரிடம் இந்த ராட்டினத்தைக் கொடுங்கள்.

இனி கோரிக்கை. புதுப் பகுதியில் ஒரு மூலையில் செஸ்டர், ஹெஸ்டர் பெயரைச் சின்னதாக ஒளித்து வைத்து ரசிகர்களைக் குளிர்வித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அது எனக்கு வேண்டாம். இரண்டு காரியம் செய்யுங்கள்.

முதலாவது, அந்தக் கடைக்கும் உணவகத்துக்கும் உங்கள் ஆட்கள் போட்ட வரைபடங்களையும் எழுதிய கதைக்குறிப்புகளையும் பொதுவில் வையுங்கள். எந்தப் பொம்மை எந்தக் காலத்தில் கடைக்கு வந்தது, எந்தச் சுவர் எப்போது எழுந்தது என்ற கற்பனைக் கணக்கு நிச்சயம் யாருடைய அலமாரியிலோ இருக்கிறது. வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

இரண்டாவது, இடித்ததில் பிழைத்த பலகைகள், பொம்மைகள், கட்-அவுட்கள் ஏதாவது உங்கள் கிடங்கில் இருந்தால் ஏலத்தில் சேகரிப்பாளர்களுக்கு விற்காதீர்கள். சின்கிளேர் என்ன செய்தது என்று பாருங்கள். கண்காட்சியின் பிராண்டோசாரஸும் டைரனோசாரஸும் டெக்சஸில் கிளென் ரோஸ் பக்கத்தில், நிஜ டைனோசர் கால்தடங்கள் பதிந்த ஆற்றங்கரைப் பூங்காவில் நிற்கின்றன. கோரிதோசாரஸ் கான்சஸில் இன்டிபென்டன்ஸ் என்ற ஊரின் பூங்காவில் இருக்கிறது. கண்காட்சிப் பொருளாகப் பிறந்தவை சாலையோரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உங்களுடையவையும் போகட்டும். புளோரிடாவிலேயே சாலையோரத்தில் தள்ளாடிக்கொண்டிருக்கும் சின்ன அருங்காட்சியகமோ பழைய பங்கோ ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கிடங்கில் இருப்பவற்றின் பட்டியலை மட்டும் வெளியிடுங்கள். லாரி வாடகையை ரசிகர்கள் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஐ-4 சாலையில் அடிக்கடி போய்வரும் ஒரு தமிழ் வாசகன்
புளோரிடா